மரத்துப்போன காலோடு விழாமல் நடப்பது எப்படி?

(சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் நடப்பது பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பாதப் பராமரிப்பு நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், செருப்பு செய்பவர் மூவரும் சேர்ந்து எழுதியது.)

கேள்வி: சுகர் வந்து 14 வருஷம். காலையில் வாஷ்பேசின் முன்னால் நின்று முகத்துக்கு சோப்பு போடும்போது ஆள் அப்படியே பின்னால் சாய்கிறேன். போன வாரம் விழவே பார்த்தேன். தலைசுற்றல் கிடையாது. பகலில் நன்றாகத்தான் நடக்கிறேன். காதில் ஏதாவது கோளாறா?
*வாசகர், காட்பாடி*

பதில்: காது டாக்டரிடம் போகும் முன் ஒன்றைக் கவனியுங்கள். சோப்பு போடும்போது மட்டும்தான் சாய்கிறீர்கள். சோப்பு போட்டால் கண்ணை மூடுவோம். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நிற்கிற ஆளை நிமிர்த்தி வைப்பவை மூன்று: கண், உள்காது, பாதமும் கணுக்காலும் அனுப்பும் தகவல். தரை சாய்ந்திருக்கிறதா, எடை குதிகாலில் விழுகிறதா, முன்பாதத்தில் விழுகிறதா என்று பாதம் ஓயாமல் மேலே சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தத் தகவல் போகும் நரம்பு இடுப்பிலிருந்து கால் விரல் நுனி வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். சர்க்கரை நீளமான நரம்பைத்தான் முதலில் கெடுக்கும், அதுவும் நுனியிலிருந்து. விரல், பிறகு பாதம், பிறகு கணுக்கால் என்று சாக்ஸ் மாட்டினாற்போல மதமதப்பு மேலே ஏறி வருவது அதனால்தான். பாதத்திலிருந்து தகவல் வருவது குறைந்ததும் கண் அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. பகலில் உங்களுக்கு ஒன்றும் தெரியாததற்குக் காரணம் இதுதான். கண்ணை மூடினால், அல்லது ராத்திரி கரண்ட் போனால், குட்டு வெளிப்படும்.

உறுதி செய்ய ஒரு சோதனை. செருப்பில்லாமல் சுவர் மூலையில், முதுகு சுவரைத் தொடாமல், இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து நில்லுங்கள். முன்னால் ஒருவர் கை நீட்டிப் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். தனியாகச் செய்யவே கூடாது. கண் திறந்து 30 நொடி, பிறகு கண் மூடி 30 நொடி. திறந்திருக்கும்போது நன்றாக நின்றவர் மூடியதும் தள்ளாடினால் பாதத் தகவல் குறைந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இதையே சோதனைக் குறிப்பாக எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே பி12 ரத்தப் பரிசோதனை கேளுங்கள். மெட்பார்மின் மாத்திரை பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது உண்டு. அது குறைந்தாலும் இதே மாதிரி கால் மரக்கும், தள்ளாடும். இந்த ஒரு காரணத்தையாவது ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்ய வழி இருக்கிறது.

இன்றைக்கே மாற்ற வேண்டியது: வாஷ்பேசின் முன் நிற்கும்போது இடுப்பு அல்லது தொடை பேசின் திண்டில் படட்டும், ஒரு கை திண்டின் மேல் இருக்கட்டும், மற்றொரு கையால் சோப்பு போடுங்கள். அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை. விரல் நுனி லேசாகப் பட்டாலே ஆட்டம் குறையும். தலைக்குக் குளிக்கும்போது கட்டாயம் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். கால் அகலமான, அடியில் ரப்பர் உள்ள ஸ்டூல் வாங்குங்கள். வழவழப்பான டைல்ஸ் மேல் சாதாரண பிளாஸ்டிக் ஸ்டூல் சோப்புத் தண்ணீரில் சறுக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. காலில் செருப்பு கழன்று விழுந்தது கூடத் தெரியாமல் வாசல் வரை நடந்து வந்துவிட்டார். உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.
*வாசகி, குடியாத்தம்*

பதில்: ஊசி வேண்டவே வேண்டாம். புண்ணாகிவிட்டால் அதை ஆற்றுவதே பெரும்பாடு. ஆஸ்பத்திரியில் 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் நைலான் இழையாலும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் பார்ப்பார்கள். வீட்டில் உங்கள் ஆள்காட்டி விரலே போதும்.

அம்மாவைப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லுங்கள். முதலில் வலது கால், இடது கால் எது என்று தொட்டுச் சொல்லிவிடுங்கள். பிறகு இந்த வரிசையில் விரல் நுனியைத் தொடுங்கள்: வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். ஒவ்வொன்றிலும் ஒன்று அல்லது இரண்டு நொடி, இறகு பட்டாற்போல. அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, வருடக் கூடாது. தொட்டது தெரிந்தால் "வலது", "இடது" என்று அவர் சொல்ல வேண்டும். ஒரு விரலில் பதில் வரவில்லையா, திரும்பத் தொட்டுப் பார்க்காமல் 'தெரியவில்லை' என்றே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை அழுத்தித் தொட்டு 'தெரிந்துவிட்டது' என்று எழுதிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

செருப்பு கழன்றது தெரியவில்லை என்பதே, உண்மையில், பாதி விடை.

கேள்வி: ஷூ கம்பெனியில் 20 வருஷமாக வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஊருக்கே ஷூ தைத்துக் கொடுக்கிறோம், எனக்கு எது போடுவது என்று தெரியவில்லை. இப்போது ஹவாய் செருப்புதான். எம்.சி.ஆர். செருப்பு போடச் சொல்கிறார்கள். அது என்ன பெரிய விஷயம்?
*வாசகர், ஆம்பூர்*

பதில்: முதலில் ஹவாயைப் பற்றி. அது காலில் நிற்பதற்குக் காரணம் கட்டைவிரலும் பக்கத்து விரலும் வாரைக் கவ்விப் பிடிப்பதுதான். உணர்ச்சி குறைந்த காலில் பிடி தளரும். செருப்பு கழன்று போகும், அல்லது முனை மடங்கித் தடுக்கும். பிடிக்க வேண்டும் என்று விரல்கள் எப்போதும் மடங்கியே இருந்தால் விரல் நுனியிலும் முட்டியிலும் காய்ப்பு விழும். வார் உராயும் விரலிடுக்கில் புண் வந்தாலும் தெரியாது. அடிப்பாகம் மெல்லிசு என்பதால் ஒரு சின்ன ஆணி நேராக ஏறிவிடும். ஏறிய ஆணியோடு சாயங்காலம் வரை நடந்து, செருப்பில் ரத்தம் பார்த்த பிறகு தெரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள்.

எம்.சி.ஆர். என்பது மைக்ரோ செல்லுலார் ரப்பர், உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நிறைந்த மெத்து ரப்பர். இதன் கதையில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்டும் அவரோடு வேலை செய்தவர்களும், தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் திரும்பத் திரும்ப அடிபட்டே தேய்கின்றன என்று காட்டினார்கள். அதற்காக வேலூரிலும் பக்கத்திலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் செய்து பார்த்த மெத்துச் செருப்புகள்தான் பின்னால் சர்க்கரைக் காலுக்கும் வந்தன. நோய் வேறாக இருந்தாலும் வலி தெரியாத பாதத்துக்கு நேர்வது ஒன்றேதான்.

கடையில் எம்.சி.ஆர். என்று எழுதியதெல்லாம் எம்.சி.ஆர். ஆகிவிடாது. உள் தளத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். ஏறக்குறைய பாதிக் கனத்துக்கு அமுங்கி, விட்டதும் உடனே எழும்ப வேண்டும். அமுங்காவிட்டால் அது வெறும் ரப்பர். அமுங்கி எழும்பாவிட்டால் ஸ்பாஞ்சு. ஒரு மாதத்தில் அப்பளமாகிவிடும். மெத்துத் தளம் சுமார் 10 மில்லிமீட்டர் கனம், அதற்குக் கீழே ஆணியும் முள்ளும் ஏறாத கெட்டி ரப்பர் அடி. இரண்டையும் பசையாலும் தையலாலும் மட்டும் சேர்த்திருக்க வேண்டும். ஆணி அடித்த செருப்பு எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் வேண்டாம், ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும் இதைச் சொல்லிக் கொடுங்கள். குதிகாலுக்குப் பின்னால் வார் கட்டாயம். மேல் வார் வெல்க்ரோ வைத்ததாக இருந்தால் சாயங்காலம் கால் வீங்கும்போது தளர்த்திக்கொள்ளலாம்.

உங்கள் வேலைக்கு மூடிய ஷூதான் நல்லது. பிளேடும் ஆணியும் கிடக்கும் தரை அது. ஷூ தைப்பவர் நீங்கள், ஆகவே தொழில் பாஷையிலேயே சொல்கிறோம். முன்பக்கம் உயரமும் அகலமும் உள்ள லாஸ்டில் (ஷூ அச்சில்) செய்தது வேண்டும். கூர் மூக்கு ஆகாது. அப்பர் (ஷூவின் மேல்பாகம்) மெல்லிய தோல், விரல் மூட்டுக்கு நேராகத் தையலோ மடிப்போ வரக் கூடாது. உள்ளே கையை விட்டு லைனிங்கைத் தடவுங்கள், எந்த முடிச்சும் விரலில் தட்டக் கூடாது. இன்சோல் கழற்றி மாட்டுவதாக இருந்தால் அதை எடுத்துவிட்டு மெத்து இன்சோல் போடலாம். அப்படிப் போட்டால் உள் உயரம் குறையும் என்பதால் ஆழம் அதிகமுள்ள ஷூவாகப் பாருங்கள்.

அளவு எடுப்பதில்தான் தப்பு அதிகம் நடக்கிறது. உணர்ச்சி குறைந்தவருக்கு இறுக்கமான ஷூதான் 'கச்சிதமாக' இருப்பதாகத் தோன்றும், இறுக்கினால்தான் போட்டிருப்பதே தெரியும் என்பதால். ஆகவே 'எப்படி இருக்கு?' என்ற கடைக்காரர் கேள்விக்கு உங்கள் கால் சொல்லும் பதிலை நம்பாதீர்கள். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், எழுந்து நின்றபடி இரண்டு பாதத்தையும் காகிதத்தில் வரைந்து வெட்டுங்கள். அந்தக் காகிதப் பாதத்தை ஷூவுக்குள் போடுங்கள். எங்கேயும் ஓரம் மடங்கக் கூடாது, நீளமான விரலுக்கு முன்னால் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இடம் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனால் அதுவும் கெடுதல். கால் உள்ளே சறுக்கும், முனை தடுக்கும். வலதும் இடதும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம், பெரிய காலுக்கு வாங்குங்கள்.

புது ஷூவை முதல் நாள் ஒரு மணி நேரம் வீட்டிலேயே போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த இடம் 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த ஷூ உங்களுக்கு ஆகாது. சிவக்காவிட்டால் தினம் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். ஒவ்வொரு நாளும் போடும் முன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பாருங்கள். கையும் மரத்திருந்தால் வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். மெத்துத் தளம் எழும்பாமல் தட்டையானதும் மாற்றிவிடுங்கள், மேலே பார்க்கப் புதுசு போல இருந்தாலும்.

கேள்வி: வருஷத்துக்கு ஒரு தடவையாவது திருவண்ணாமலை கிரிவலம் போவது வழக்கம், செருப்பில்லாமல்தான். இந்த வருஷம் மகன் தடுக்கிறான். காலில் புண் ஒன்றும் இல்லை, மரப்பு மட்டும்தான். வலியே இல்லாமல் நடக்கிறேன், பிறகு என்ன?
*வாசகர், ஆரணி*

பதில்: வலியே இல்லாமல் 14 கிலோமீட்டர் நடக்க முடிகிறது என்பதுதான் மகனின் பயத்துக்குக் காரணம்.

சாதாரணக் கால் உள்ளவர் நாலைந்து கிலோமீட்டரிலேயே தன்னையறியாமல் நடையை மாற்றுவார். எடையைப் பாதத்தின் ஓரத்துக்குத் தள்ளுவார், கொஞ்சம் நொண்டுவார், திண்ணை கண்டால் உட்காருவார். நொண்டுவது பாதத்துக்குப் பாதுகாப்பு. 14 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய இருபதாயிரம் அடி. உணர்ச்சி இல்லாத பாதம் இருபதாயிரம் தடவையும் அதே இடத்தில், அதே அழுத்தத்தில் ஊன்றும். ஒரு தடவை ஊன்றுவதால் ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்ப ஊன்றும்போது தோலுக்கு அடியில் சதை சூடாகி, கன்றி, உள்ளே நீர் கோத்து, வெளியே தெரிவதற்குள் பாதிப் புண் ஆகியிருக்கும். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள உருண்டைதான் முதலில் போகும்.

அடுத்தது சூடு. நம் பக்கம் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் தார் ரோடு 60 டிகிரி வரை போகும். 60 டிகிரியில் தோல் வெந்துபோகச் சில நொடி போதும், 50 டிகிரியில் சில நிமிடம். மற்றவர்கள் 'ஸ்ஸ்' என்று நிழலுக்கு ஓடும் இடத்தில் நீங்கள் நிதானமாக நடப்பீர்கள். கோவில் பிராகாரக் கருங்கல்லும் அப்படித்தான், வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோவிலானாலும் சரி, வேறெங்கானாலும் சரி. சாக்ஸ் போட்டால் போதும் என்பது பாதித் தீர்வு. சூடு சற்றுத் தாமதமாக ஏறும், அவ்வளவுதான், வழவழப்பான கல்லில் சறுக்கலும் சேரும். கூட வருபவர் புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து நொடி தாங்க முடியவில்லை என்றால் அந்தத் தரையில் வெறுங்கால் வைக்க வேண்டாம். காலை 8 மணிக்கு முன் தரிசனத்தை முடித்துக்கொள்வது உத்தமம். (பஸ்ஸில் டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடிமேல் கால் வைத்து வெந்துபோனவர்களும் உண்டு. அந்த சீட்டில் உட்காராதீர்கள்.)

ஆகவே வெறுங்காலோடு கிரிவலம் வேண்டாம். ஏற்கெனவே ஒரு முறை பாதத்தில் புண் வந்து ஆறியவர் என்றால் நடந்து சுற்றுவதே வேண்டாம், ஆட்டோவில் வலம் வாருங்கள். புண் வராதவர் என்றால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மாதக்கணக்கில் போட்டுப் பழகிய செருப்போடு போகலாம். பௌர்ணமி அன்று போகாதீர்கள். கூட்டத்தில் மிதிபடுவது ஒருபுறம், நடுவழியில் நிறுத்த வேண்டி வந்தால் வண்டி கிடைப்பது கஷ்டம். வேறு நாளில், விடியற்காலையில், துணையோடு கிளம்புங்கள். வழியில் எட்டு லிங்கங்கள் இருப்பது நல்ல வசதி. இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரை ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, துணைக்கு வந்தவர் புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்க்கட்டும். ஒரு காலில் ஓரிடம் மற்ற காலின் அதே இடத்தைவிடச் சூடாக இருந்தால் அன்றைய வலம் அந்த லிங்கத்தோடு முடிந்தது. மிச்சத்தை ஆட்டோவில் சுற்றுங்கள். இதில் மட்டும் 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று யோசிக்க வேண்டாம்.

கேள்வி: பார்க்கில் கூழாங்கல் பதித்த பாதையில் எட்டு போட்டு நடந்தால் நரம்பு தூண்டப்பட்டு மரப்பு போகும் என்கிறார்களே?
*வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்*

பதில்: போகாது. உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அந்தக் கல் அழுத்தமும் கீறலும்தான் தரும். எட்டு வடிவில் நடப்பதில் தப்பில்லை, சமதரையில், ஷூ போட்டுக்கொண்டு. திரும்பும் இடங்களில் வேகத்தைக் குறையுங்கள், பலர் விழுவது திரும்பும்போதுதான்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. ராத்திரி இரண்டு மூன்று தடவை பாத்ரூம் போக எழுந்திருப்பார். எழுந்து நாலடி வைப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்கிறார். இரண்டு தடவை விழுந்துவிட்டார். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, கால் எரிச்சலுக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார்.
*வாசகி, ஆற்காடு*

பதில்: இதில் இரண்டு சிக்கல் ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம். ஒன்று, இருட்டில் கண்ணின் உதவி கிடைப்பதில்லை. மற்றது, எழுந்ததும் பிரஷர் இறங்குவது. படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். ரத்தக்குழாய்கள் உடனே சுருங்கி மூளைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். அந்தச் சுருக்கத்தை நடத்தும் நரம்பையும் சர்க்கரை கெடுக்கும். வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால், ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவை பாருங்கள், பக்கத்தில் பிடித்துக்கொண்டு. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அந்த அளவுகளை எழுதிய சீட்டோடு டாக்டரைப் பாருங்கள். கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் ப்ரீகாபலின், கேபபென்டின், அமிட்ரிப்டிலின் மாத்திரைகளும், ப்ராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசினும் தலைசுற்றலோ மயக்கமோ தரக்கூடியவை. ப்ரீகாபலினில் பாதம் வீங்குவதும் உண்டு, அப்போது செருப்பு இறுகும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அளவையோ நேரத்தையோ மாற்றலாமா என்று கேளுங்கள்.

இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர் என்றால் சர்க்கரை மிகவும் இறங்கியும் விழுந்திருக்கலாம், ஆகவே ராத்திரி விழுந்த உடன் குளுக்கோமீட்டரில் பார்த்துவிடுங்கள். 70-க்குக் கீழே இருந்தால், நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

அப்பா எழுந்திருக்கும் விதத்தை மாற்ற வேண்டும். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் உட்கார வேண்டும். அப்போது பாதத்தை மேலும் கீழுமாக இருபது தடவை அசைத்தால் கெண்டைச் சதை ரத்தத்தை மேலே தள்ளும். பிறகு கட்டிலைப் பிடித்து எழுந்து, பத்து எண்ணிவிட்டு முதல் அடி. சிறுநீர் கழிக்க உட்கார்ந்தே போகட்டும். முடிந்தால் வெஸ்டர்ன் டாய்லெட். குந்தி எழும்போது பிரஷர் இன்னும் இறங்கும். படுக்கையருகே ஒரு சிறுநீர்க் குடுவை வைத்தால் பாதி நடை மிச்சம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையோரம் மின்ன வேண்டும். அரை வாட் எல்.இ.டி. நைட் லேம்ப் இரண்டு, முழங்கால் உயரத்தில். கூரையில் இருக்கும் டியூப்லைட்டை ராத்திரி திடீரென்று போட்டால் கண் கூசும். தலையணை அடியில் டார்ச். வழியில் கால்மிதி, ஒயர், தண்ணீர்க் குடம் இருக்கக் கூடாது. பழைய வீட்டு மர நிலைப்படியில்தான் விரல் இடிக்கும். அதன் ஓரத்தில் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடியுங்கள், வீட்டு அழகு கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை. டாய்லெட் பக்கச் சுவரில் ஸ்டீல் கைப்பிடி, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், செங்கல் வரை துளைத்து ஆங்கர் போல்ட் போட்டு மாட்ட வேண்டும். உறிஞ்சி ஒட்டும் பிளாஸ்டிக் பிடியும், துண்டு போடும் ராடும் ஆள் எடையைத் தாங்காது. விழும்போது கை தானாக எதைப் பிடிக்குமோ அது கையோடு பெயர்ந்து வரக் கூடாது.

கேள்வி: கைத்தடி வைத்துக்கொள்ளச் சொன்னால் என் கணவர் 'எனக்கென்ன நொண்டியா' என்கிறார். உண்மையில் தேவைதானா? எந்த உயரம்?
*வாசகி, வாலாஜாபேட்டை*

பதில்: உங்கள் கணவருக்குத் தடி எடையைத் தாங்க அல்ல. பாதம் சொல்ல மறந்ததை உள்ளங்கை வழியாகச் சொல்ல. தடி நுனி தொடும் தரை மேடா பள்ளமா, ஈரமா கெட்டியா என்று கைக்குத் தெரியும். கண் தெரியாதவர் தடி வைத்திருப்பது போலத்தான் இதுவும், இதைச் சொல்லிப் பாருங்கள்.

தேவையா என்று தெரிந்துகொள்ளக் கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து மூன்று மீட்டர் தூரத்தில் தரையில் கோடு போடுங்கள். எழுந்து, கோடு வரை தன் வழக்கமான நடையில் போய், திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி என்று பாருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் வாய்ப்பு அதிகம்.

உயரம்: வழக்கமான செருப்பைப் போட்டு, கையைத் தொங்கவிட்டு நிற்கட்டும். தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு அளவுக்கு வர வேண்டும். பிடித்தால் முழங்கை லேசாக மடங்கும். மடங்கவே இல்லை என்றால் தடி குட்டை, தோள் தூக்கிக்கொண்டால் நெட்டை. ஒரு கால் பலவீனம் என்றால் அதற்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். தடியும் பலவீனமான காலும் ஒன்றாக முன்னே போகும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் பலவீனமான காலும் முதலில். அடியில் உள்ள ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பாருங்கள். வளைய வரிகள் தேய்ந்திருந்தால் ஈரத் தரையில் தடியே ஆளைக் கவிழ்த்துவிடும். சின்ன சாமான்தான், தேயத் தேய மாற்றுங்கள்.

கேள்வி: கால் மரத்தவர்கள் நடைப்பயிற்சி போகலாமா கூடாதா? ஒருவர் போ என்கிறார், இன்னொருவர் போகாதே என்கிறார்.
*வாசகர், திருப்பத்தூர்*

பதில்: புண், கொப்புளம், வீக்கம் இருந்தால் போகக் கூடாது. இல்லாவிட்டால், சரியான ஷூவோடு, போகலாம். ஒரேயடியாகக் கூட்டுவதுதான் ஆபத்து. இப்போது தினம் 3,000 அடி என்றால் 4,000 வரை போய், பாதத்தைப் பார்த்தபடி அங்கேயே சில வாரம் நில்லுங்கள். கால் ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் சீவாதீர்கள், கடையில் விற்கும் கார்ன் பிளாஸ்டரும் வேண்டாம். அதிலுள்ள ஆசிட் நல்ல தோலையும் அரிக்கும். காய்ப்பு செருப்புக்குள் கிடக்கும் கல் மாதிரி, ஆஸ்பத்திரியில் சீவிக்கொள்ளுங்கள்.

நடை மட்டும் இருந்தால் விழுவது குறையாது, பலமும் நிலைத்தன்மையும் வேண்டும். சமையல் மேடையைப் பிடித்தபடி, ஷூ போட்டுக்கொண்டு, குதிகாலைத் தூக்கி இறக்குவது பத்து தடவை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து தடவை. மேடையில் விரல் நுனி பட, ஒற்றைக் காலில் பத்து நொடி, பிறகு மற்ற கால். சுவரைத் தொட்டபடி பக்கவாட்டில் பத்து அடி போய் வருவது. வாரத்தில் மூன்று நாளாவது, எட்டு வாரம் விடாமல். கண்ணை மூடிச் செய்வதைப் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இல்லாமல் முயற்சி செய்யாதீர்கள். நடக்கும்போது காலைப் பார்க்காமல் இரண்டு மூன்று மீட்டர் முன்னால் தரையைப் பாருங்கள். போன் பேச வேண்டுமென்றால் நின்று பேசுங்கள்.

கேள்வி: பத்து நாளாக இடது பாதம் வீங்கிச் சிவந்திருக்கிறது. புண் இல்லை, காய்ச்சல் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. படியில் லேசாகப் பிசகியது போல ஞாபகம். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். நடந்துகொண்டுதான் இருக்கிறேன்.
*வாசகர், பேரணாம்பட்டு*

பதில்: இதைப் படித்ததும் நடப்பதை நிறுத்துங்கள். நீவுவதையும் நிறுத்துங்கள். இன்றோ நாளையோ, காலைத் தரையில் ஊன்றாமல், சர்க்கரைப் பாதம் பார்க்கும் மருத்துவமனைக்கு வண்டியில் போங்கள்.

மரத்த பாதம் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால், புண் இல்லாவிட்டாலும், 'ஷார்கோ' பாதமாக இருக்கலாம். உள்ளே எலும்பு வலுவிழந்து, மூட்டுகள் நொறுங்கத் தொடங்கும் நிலை. வலி குறைவாக இருப்பதால் ஆள் நடந்துகொண்டே இருப்பார், நடக்க நடக்க எலும்பு நொறுங்கும். உள்வளைவு சரிந்து, பாதம் படகின் அடி மாதிரி ஆகிவிட்டால் பிறகு ஆயுள் முழுக்க நடுப்பாதத்தில் புண் வந்துகொண்டே இருக்கும். இரண்டு பாதத்துக்கும் சூட்டில் இரண்டு டிகிரி செல்சியஸ் அளவு வித்தியாசம் இருந்தாலே கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சாதாரணமாகவே இருக்கக்கூடும், அதனால் 'எக்ஸ்ரே நார்மல்' என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். ஷார்கோவா என்று பார்க்கச் சொல்லிப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். உறுதியானால் பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டு போட்டு, சூடு தணியும் வரை, மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். கட்டைப் பார்த்து அலுத்து நடுவில் கழற்றுகிறவர்களுக்குத்தான் பாதம் சரிகிறது.

கேள்வி: காலையில் எழுந்து பார்த்தால் மாமியாரின் கட்டைவிரல் நுனியில் கடித்த புண். எலி என்கிறார்கள். அது தெரியாமலா தூங்குவார்?
*வாசகி, அணைக்கட்டு*

பதில்: தெரியாமல்தான் தூங்குவார். மரத்த விரலை எலி கடிப்பது நம் ஊர்களில் புதிதல்ல. புண்ணைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவி, சுத்தமான துணி கட்டி, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம். மஞ்சள், சாம்பல், பற்பசை எதுவும் வைக்க வேண்டாம். ஆறும் வரை அந்தக் காலில் நடை குறைவாக இருக்கட்டும். இனி படுக்கும் முன் காலைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, தளர்வான பருத்தி சாக்ஸ் போட்டு, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். தரையில் பாய் போட்டுப் படுப்பவர் என்றால் கட்டிலுக்கு மாற்றுங்கள். காலையில் சாக்ஸைக் கழற்றியதும், அடிப்பாதத்தையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் ஒரு தடவை நீங்களே பார்த்துவிடுங்கள். அவருக்குக் குனிய முடியாது, குனிந்தாலும் கண் தெரியாது.